சேலத்திலிருந்து எம்.ஓ.டி. படிக்கப் போகிறவர்களுக்கு: எதற்கு முன் எது

ஹஸ்தம்பட்டிப் பக்கம் நான் வேலை பார்க்கும் குழந்தைகள் தெரபி சென்டருக்கு மே, ஜூன் மாதம் வந்தால் போதும், ஜூனியர்கள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். "அக்கா, எம்.ஓ.டி. சேரலாம்னு இருக்கேன். எந்தக் காலேஜ் நல்லா இருக்கும்?" எல்லோரும் கேட்பது இதுதான். இதற்கு முன்னால் முடித்திருக்க வேண்டிய நாலைந்து வேலைகள் பாக்கி இருக்கும். ஃபைலைத் திறந்ததுமே தெரிந்துவிடும்.

எம்.ஓ.டி., அதாவது ஆக்குபேஷனல் தெரபியில் (ஓ.டி.) முதுநிலைப் படிப்பு, இரண்டு வருடம். அதை மூன்று வருடமாக இழுத்தவர்களில் படிப்பில் மக்கு என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்தவர்கள், முன்னால் வாங்க வேண்டிய காகிதத்தைப் பின்னால் வாங்கப் போனவர்கள், அவ்வளவுதான். அதனால் வரிசைப்படியே எழுதுகிறேன்.

1. முதலில், இது எந்த ஓ.டி.?

ஆஸ்பத்திரியில் ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர். பாராமெடிக்கல் படிப்புகளின் பட்டியலில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி என்று தனியாக ஒரு படிப்பு இருக்கிறது. ஆத்தூரிலிருந்து வந்த ஓர் அப்பா, ஆட்டிசம் குழந்தைகளுக்குத் தெரபி கொடுக்கிற படிப்பு என்று நினைத்து மகளுக்கு அதில் முன்பணம் கட்டிவிட்டு வந்திருந்தார். விண்ணப்பத்தில் 'ஓ.டி.' என்று சுருக்கமாக இருந்தால், முழுப் பெயரை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

தமிழில் 'தொழில்சார் சிகிச்சை' என்று எழுதுவதால் வேலைவாய்ப்புப் படிப்பு என்று நினைக்கிறவர்களும் உண்டு. பக்கவாதம் வந்தவர் மறுபடி தானே சட்டைப் பொத்தான் போடுவது, குழந்தை பென்சில் பிடித்து வகுப்பில் உட்கார்ந்து எழுதுவது, விரல் நரம்பு அறுந்தவர் மறுபடி தறியில் உட்காருவது, மனநோயிலிருந்து மீண்டவர் கடைக்குப் போய்க் கணக்குப் பார்த்து வாங்கி வருவது: அன்றாட வேலைகளை மறுபடி செய்யவைக்கிற சிகிச்சை இது. வீட்டில் சம்மதம் வாங்கும்போதும் இப்படியே சொல்லுங்கள்.

2. பி.ஓ.டி. இல்லாமல் இங்கே எம்.ஓ.டி. கிடையாது

இந்தியாவில் எம்.ஓ.டி. சேர, அதே துறையின் இளநிலைப் படிப்பான பி.ஓ.டி. முடித்திருக்க வேண்டும். பி.எஸ்சி. சைக்காலஜி, நர்சிங், பி.பி.டி. (பிசியோதெரபி) படித்தவர்கள் நேராகச் சேர முடியாது. பி.பி.டி.க்கு மேல் எம்.பி.டி., பி.ஓ.டி.க்கு மேல் எம்.ஓ.டி.; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்ட வழியில்லை.

இந்தக் குழப்பம் வெளிநாட்டுக் கல்லூரிகளின் பக்கங்களைப் பார்ப்பதால் வருகிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வேறு பாடத்தில் பட்டம் பெற்றவரும் முதுநிலை மூலமாகவே இந்தத் தொழிலுக்குள் நுழையலாம். அங்கே அது நுழைவுப் படிப்பு. இங்கே ஏற்கெனவே தெரபிஸ்டாக இருப்பவர் ஒரு துறையில் ஆழமாகப் போவதற்கான படிப்பு. 'மாஸ்டர்ஸ்' என்ற ஒரே சொல்லுக்கு இங்கே ஓர் அர்த்தம், அங்கே வேறு அர்த்தம் என்பதை மனதில் நிறுத்திக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் வராது.

3. சேர்வதற்கு முன் ஒரு வருடம் வேலை பாருங்கள்

இது விதி இல்லை, என் கருத்து. ஆனால் அழுத்தமான கருத்து.

இன்டர்ன்ஷிப் முடித்த கையோடு சேர்கிறவர்களுக்கு எந்தப் பிரிவு பிடிக்கும் என்று சொல்லத் தெரிவதில்லை. இன்டர்ன்ஷிப்பில் எந்த மேடம் அன்பாக நடத்தினாரோ அந்தப் பிரிவு பிடித்ததாகத் தோன்றும். சம்பளத்துக்கு வேலை பார்த்து, முன்னேற்றமே தெரியாத ஒரு நோயாளியை ஆறு மாதம் கையாண்ட பிறகும் அந்தப் பிரிவு பிடித்திருந்தால் அது உண்மையான பிடிப்பு.

சேலத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே ஓ.டி. வேலை என்றால் பெரும்பாலும் குழந்தைகள் சென்டர். அதிலேயே ஒரு வருடம் இருந்தால், பார்த்தது அது ஒன்றுதான் என்பதாலேயே பீடியாட்ரிக்ஸ் எடுக்கத் தோன்றும். பக்கவாத நோயாளிகள், கை அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், மனநல வார்டு ஆகிய மூன்றையும் தலா இரண்டு வாரமாவது அனுமதி வாங்கிப் போய்ப் பாருங்கள். கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தாலே போதும்.

அந்த வருடத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம். வயது, வேலை, முதலில் என்ன செய்ய முடியவில்லை, என்ன செய்தீர்கள், என்ன மாறியது, எது மாறவே இல்லை. நேர்காணலில் பேச இதுதான் சரக்கு. ஆய்வுத் தலைப்பும் இதிலிருந்துதான் பிறக்கும். 'எது மாறவே இல்லை' என்று எழுதிய பக்கத்தைத்தான் நான் அதிகம் புரட்டினேன்.

4. பிரிவைத் தேர்ந்தெடுப்பது

நியூரோ, ஆர்த்தோ, பீடியாட்ரிக்ஸ், மனநலம், கை மறுவாழ்வு என்று பிரிவுகள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெயர் மாறும். ஒரு கல்லூரியில் எல்லாப் பிரிவும் இருக்காது. இருக்கிற பிரிவையும் ஒவ்வொரு வருடமும் நடத்துவார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் பிரிவை முதலில் முடிவு செய்து, அது நடக்கிற கல்லூரியைத் தேடுங்கள். கல்லூரியைப் பிடித்துவிட்டு, அங்கே எது கிடைக்கிறதோ அதைப் படித்தவர்கள் ஆய்வேடு எழுதும்போது வருந்துகிறார்கள்.

நான் பீடியாட்ரிக்ஸ் படித்தேன். ஆனால் இந்த ஊரைப் பார்த்தால் கை மறுவாழ்வு படித்தவர்கள் இன்னும் பல பேர் வேண்டும் என்று தோன்றுகிறது. செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், அம்மாப்பேட்டையில் பட்டுத் தறிகள், சுற்றிலும் விசைத்தறிகள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்கிற பிடியில்தான் இவர்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. விரல் தசைநாண் அறுந்து தையல் போட்டவருக்கு, விரலைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட்டும் பயிற்சியும் சரியான நாளில் ஆரம்பிக்கவில்லை என்றால், தையல் நன்றாக இருந்தாலும் விரல் மடங்காது. அந்த வேலைக்கு ஆள் வேண்டும்.

5. கல்லூரியை வேலை நாளில், காலையில் போய்ப் பாருங்கள்

தமிழ்நாட்டில் ஓ.டி. படிப்புக்கு வேலூர் சி.எம்.சி., காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., கோவை கே.எம்.சி.எச். ஆகிய பெயர்கள் முதலில் வரும். வெளியே மணிப்பால், மும்பை கே.இ.எம்., ஒடிசாவில் கட்டாக் அருகே ஒலட்பூரில் எஸ்.வி.நிர்தார், கொல்கத்தாவில் உடலியக்கக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம். இந்த வருடம் எங்கே எந்த முதுநிலைப் பிரிவு நடக்கிறது என்பதை அந்தந்தக் கல்லூரியின் அந்த வருட அறிவிப்பில் மட்டுமே பாருங்கள். சீனியர் சொன்னது இரண்டு வருடம் பழசாக இருக்கும்.

சேலத்திலிருந்து போய்ப் பார்ப்பது கஷ்டமில்லை. கோவைக்குக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். வேலூருக்கு ஜங்ஷனில் சென்னை வண்டி ஏறிக் காட்பாடியில் இறங்கினால் போதும். சென்னைக்கு ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள்; நான் அப்படித்தான் போனேன். கட்டிடத்தையும் வாட்ச்மேனையும் பார்த்துவிட்டு வந்தேன், நோயாளி ஒருவரையும் பார்க்கவில்லை. புதன், வியாழன் போல நடு வாரத்தில், புறநோயாளிகள் வரும் நேரத்தில் போங்கள்.

பார்க்க வேண்டியது முதலில் நோயாளிக் கூட்டம். உங்கள் பிரிவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ணுங்கள். முதுநிலைப் படிப்பில் பாடம் நோயாளியிடமிருந்து வருகிறது. ஆய்வுக்கு முப்பது பேர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருவர் வரும் இடத்தில் அது கிட்டத்தட்ட ஏழு மாதம் இழுக்கும்.

அடுத்தது கைடு. உங்கள் பிரிவில் வழிகாட்டத் தகுதியுள்ளவர்கள் எத்தனை பேர், ஒருவரிடம் எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். அவர் வேலையை விட்டுப் போனால் யார் பார்ப்பார்கள் என்பதையும் தயங்காமல் கேளுங்கள். நடு வழியில் கைடு மாறித் தலைப்பையும் மாற்ற வேண்டிவந்தவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது, அலமாரி. மதிப்பீட்டுக் கருவிகள் பூட்டிய கண்ணாடிக்குள் புது மணம் மாறாமல் இருக்கின்றனவா, ஓரம் தேய்ந்து மேசைமேல் கிடக்கின்றனவா? தேய்ந்திருந்தால் நல்ல அறிகுறி. ஸ்பிளின்ட் அறையில் வெந்நீர்த் தொட்டியும் தெர்மோபிளாஸ்டிக் தாளும் இருக்கிறதா, அந்தத் தாளுக்கு மாணவர் காசு கொடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

கடைசியாக, இரண்டாம் வருட மாணவர் ஒருவரை கேன்டீனில் பிடியுங்கள். முதல் வருடத்தினர் இன்னும் உற்சாகத்தில் இருப்பார்கள். இரண்டாம் வருடத்தினரிடம் ஒரே கேள்வி போதும்: "எத்திக்ஸ் கமிட்டி அனுமதி எந்த மாசம் கைக்கு வந்துச்சு?" நோயாளிகளை வைத்து ஆய்வு தொடங்க அந்த அனுமதி வேண்டும். பதிலை வைத்து அந்தக் கல்லூரி எப்படி நடக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

6. பணம் கட்டுவதற்கு முன் அங்கீகாரம்

சேர்ந்த பிறகு அங்கீகாரத்தைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் பட்டம் தரும் பல்கலைக்கழகம் யு.ஜி.சி. பட்டியலில் இருக்க வேண்டும். அடுத்து, அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் சங்கமான ஏ.ஐ.ஓ.டி.ஏ.வின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரியின் எம்.ஓ.டி. தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். பி.ஓ.டி.க்கு அங்கீகாரம் இருப்பதாலேயே எம்.ஓ.டி.க்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாவது, 2021ஆம் ஆண்டின் தேசியத் துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம். ஓ.டி. அதன்கீழ் வருகிறது, பதிவு மாநில கவுன்சில் வழியாக. பி.ஓ.டி. முடித்தவர் அந்தப் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம்.

இங்கே ஒரு பழைய குழப்பம். சென்டர்களில் நம்மோடு வேலை செய்யும் சிறப்பு ஆசிரியர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) எண் வைத்திருப்பார்கள். "உங்க ஆர்.சி.ஐ. நம்பர் என்னங்க மேடம்?" என்று பெற்றோர் நம்மிடமும் கேட்பார்கள். ஓ.டி., பிசியோ இரண்டும் ஆர்.சி.ஐ. பதிவில் இல்லை. அந்த எண்ணை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அது ஏமாற்று.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளின் உலகக் கூட்டமைப்பான டபிள்யூ.எஃப்.ஓ.டி. பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் அங்கீகரிப்பது தொழிலுக்குள் நுழையும் படிப்பை. அதாவது, நம் ஊரில் பி.ஓ.டி.யை. அந்தப் படிப்பில் குறைந்தது 1000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் என்பது அவர்கள் அளவுகோல். உங்கள் பி.ஓ.டி. கல்லூரிக்கு நீங்கள் படித்த வருடங்களில் அந்த அங்கீகாரம் இல்லாவிட்டால், பிறகு பெரிய இடத்தில் எம்.ஓ.டி. முடித்தாலும் அந்தக் குறை அடைபடாது. வெளிநாட்டு எண்ணம் இருப்பவர்கள் எம்.ஓ.டி. பற்றி விசாரிப்பதற்கு முன் இதை விசாரியுங்கள்.

7. சான்றிதழ்கள்: இரண்டு மாதம் முன்னதாக

மதிப்பெண் பட்டியல்கள், இன்டர்ன்ஷிப் முடித்த சான்று, தற்காலிகப் பட்டச் சான்று, நடத்தைச் சான்று, மாற்றுச் சான்று, சாதிச் சான்று. இவை எல்லோருக்கும் தெரியும். விட்டுப்போவது இரண்டு. வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறவருக்கு மைக்ரேஷன் சான்று. வேறு பல்கலைக்கழகத்தில் பி.ஓ.டி. முடித்துவிட்டு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் சேர்கிறவருக்குத் தகுதிச் சான்று. இரண்டையும் விண்ணப்பித்து வாங்க வேண்டும். சீட்டு கிடைத்த பிறகு ஓடினால் கடைசித் தேதி தாண்டிவிடும்.

அதைவிடப் பெரிய தலைவலி இனிஷியல். பத்தாவது சான்றிதழில் முன்னால் ஒரு எழுத்து, பட்டத்தில் பின்னால் இரண்டு எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயராக. நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது உண்டு. எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பிப் பத்தாவது சான்றிதழோடு ஒப்பிட்டு, மாற்ற முடிந்ததை இப்போதே மாற்றுங்கள். பின்னால் பதிவு, கடன், விசா ஒவ்வொன்றிலும் இதே கேள்வி வரும்.

8. நுழைவுத் தேர்வும் நேர்காணலும்

எஸ்.வி.நிர்தார் போன்ற தேசிய நிறுவனங்கள் தேர்வு வைத்துச் சேர்க்கின்றன. தனியார் கல்லூரிகள் தங்கள் தேர்வோ நேர்காணலோ நடத்தும். அறிவிப்பில் முதலில் பார்க்க வேண்டியது, இன்டர்ன்ஷிப் எந்தத் தேதிக்குள் முடிந்திருக்க வேண்டும் என்பது. ஒரு வாரம் விடுப்பு எடுத்து, அதை ஈடுகட்ட இன்டர்ன்ஷிப் தள்ளிப்போய், அந்தத் தேதியைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

படிப்புக்கு உடற்கூறியல், கினீசியாலஜி, நரம்பியல் மூன்றையும் முதலில் முடியுங்கள். மறந்துபோவது இவைதான்; தெரபி பாடங்கள் வேலையில் தினமும் கையில் புரள்வதால் மறப்பதில்லை.

நேர்காணலுக்கு உங்கள் நோட்டுப் புத்தகத்திலிருந்து இரண்டு நோயாளிகளை மூன்று நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். ஒன்று முன்னேறியவர், ஒன்று முன்னேறாதவர். இரண்டாவதைப் பற்றி நேர்மையாகப் பேசுகிறவரைக் கேட்பவர்கள் கவனிக்கிறார்கள்.

9. பணம்

கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பியுங்கள். வங்கி கேட்பது சேர்க்கைக் கடிதமும் இரண்டு வருடத்துக்குமான கட்டண விவரமும். அந்த விவரத்தில் ஹாஸ்டல், தேர்வு, ஆய்வேட்டுச் செலவு எல்லாம் இருக்கும்படி கல்லூரியிடம் கேட்டு வாங்குங்கள். விட்டுப்போனதற்குப் பிறகு கடன் கிடைக்காது. உதவித்தொகை உண்டு என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

10. ஆய்வேடு: முதல் மாதமே ஆரம்பம்

வருடம் போவது இங்கேதான். முதல் வருடத்தை வகுப்பிலும் போஸ்டிங்கிலும் கழித்துவிட்டு, ஆய்வை இரண்டாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள் யாரும் நிம்மதியாக முடித்ததில்லை.

அ) தலைப்பு, மூன்று மாதத்துக்குள். சிறிய கேள்வி போதும். "சென்சரி இன்டக்ரேஷன் ஆட்டிசத்துக்குப் பயன்படுமா" என்பது உங்களால் பதில் சொல்ல முடியாத கேள்வி. எந்த வயது, எந்தச் சிரமம், வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை வாரம், எதை வைத்து அளப்பது என்று ஐந்தையும் ஒரே வாக்கியத்தில் எழுத முடிந்தால் அது தலைப்பு. இந்திய ஆக்குபேஷனல் தெரபி இதழில் அதே கேள்வியை யாராவது கேட்டிருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள்.

ஆ) கருவி கைக்குக் கிடைக்குமா? காசு கொடுத்து வாங்க வேண்டிய கேள்வித்தாள்களை இணையத்தில் எங்கோ கிடைத்த நகலை வைத்துச் செய்யாதீர்கள். ஆய்வை வெளியிடும்போது அனுமதிக் கடிதம் கேட்பார்கள். தமிழில் இல்லாத கருவியைத் தமிழாக்கினால், ஒருவர் தமிழில் எழுத, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்ப, இரண்டையும் ஒப்பிட வேண்டும். அதற்கே இரண்டு மாதம் ஆகும். தலைப்பை முடிவு செய்யும்போதே அந்த இரண்டு மாதத்தையும் கணக்கில் சேருங்கள்.

இ) ஆள் எண்ணிக்கை. புள்ளியியல் தெரிந்தவரிடம் தகவல் சேகரித்த பிறகு போகிறார்கள். அப்போது அவரால் அனுதாபப்பட மட்டுமே முடியும். ஆரம்பிக்கும் முன் போனால் எத்தனை பேர் வேண்டும், எப்படிப் பிரிக்க வேண்டும் என்று சொல்லித் தருவார். அந்த எண்ணிக்கைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நடுவில் நின்றுவிடுகிறவர்கள் உண்டு.

ஏன் நிற்கிறார்கள் என்பதை நம் ஊரில் வைத்துச் சொல்கிறேன். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா, பக்கவாதம் வந்த கணவரை அழைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அன்றைய கூலி போச்சு. வாரம் மூன்று நாள் என்று நீங்கள் திட்டம் போட்டால் இரண்டாவது வாரமே வர மாட்டார். நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிக்கும் காலத்தில் கேட்கவே வேண்டாம். கொலுசுப் பட்டறைக்காரர் தீபாவளி ஆர்டர் நேரத்தில் கையைக் காட்ட வர மாட்டார். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை. இதெல்லாம் சிகிச்சையில் அக்கறை இல்லாததால் வருவதில்லை. அவர்கள் நாட்காட்டி அப்படி. உங்கள் ஆய்வு நாட்காட்டியை அதற்கு ஏற்றபடி போடுங்கள்: வாரம் ஒரு நாள் நேரில், மற்ற நாள் வீட்டுப் பயிற்சி, குறித்துவைக்க ஓர் அட்டை.

ஈ) எத்திக்ஸ் கமிட்டி. மாதாமாதம் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடுத்த கூட்டம் எப்போது, அதற்கு எத்தனை நாள் முன் தாள் கொடுக்க வேண்டும் என்று சேர்ந்த முதல் மாதமே அலுவலகத்தில் கேட்டு எழுதிவையுங்கள். திருப்பி அனுப்பினால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டும் என்பதால், முதல் முறையே சரியாகக் கொடுப்பது முக்கியம். திருப்பி அனுப்பக் காரணமாக நான் அதிகம் பார்த்தது ஒப்புதல் படிவத்தின் தமிழ்தான். 'சீரற்ற முறையில் குழுக்களாகப் பகுக்கப்படுவீர்கள்' என்று எழுதினால் யாருக்குப் புரியும்? 'சீட்டுக் குலுக்கிப் போட்டு, எந்தப் பயிற்சி என்று முடிவு செய்வோம். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் நின்றுகொள்ளலாம். வழக்கமான சிகிச்சை தொடரும்' என்று எழுதுங்கள். எழுதியதை ஒரு தறிக்காரரிடம் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

குழந்தைகளை வைத்து ஆய்வு என்றால் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர்.இன் 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி 7 முதல் 12 வயதுக் குழந்தையிடம் வாய்மொழியாகவும், 12 முதல் 18 வரை எழுத்திலும் சம்மதம் வாங்க வேண்டும். பேச்சு வராத குழந்தையிடம் எப்படிக் கேட்பீர்கள் என்று கமிட்டி கேட்கும். பதிலை யோசித்து வையுங்கள்.

உ) சி.டி.ஆர்.ஐ. பதிவு. சிகிச்சை கொடுத்துப் பார்க்கும் ஆய்வாக இருந்தால், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் வந்த பதிவை மட்டுமே ஏற்கிறார்கள். எத்திக்ஸ் அனுமதி, பிறகு சி.டி.ஆர்.ஐ. எண், அதன் பிறகுதான் முதல் நோயாளி. என் வகுப்புத் தோழி ஒருத்தி இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றிச் செய்துவிட்டாள். எட்டுப் பேரின் தகவலை அப்படியே ஒதுக்கிவைத்துப் புதிதாக ஆரம்பித்தாள். ஐந்து மாதம் போனது. அந்த எட்டுப் பேரும் அவளை நம்பி நேரம் கொடுத்தவர்கள் என்பதுதான் அவளை அதிகம் வருத்தியது.

ஊ) எழுதுவது. முன்னுரையையும் செய்முறையையும் தகவல் சேகரிக்கும் மாதங்களிலேயே எழுதிவிடுங்கள். அந்தப் பகுதிகளுக்கு முடிவு தேவையில்லை. முடிவு வந்த பிறகு கலந்துரையாடல் மட்டும் மிஞ்ச வேண்டும். எதிர்பார்த்த முடிவு வராவிட்டாலும் அப்படியே எழுதுங்கள். அது பட்டத்தைத் தடுக்காது. எண்ணை மாற்றினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

11. போஸ்டிங்கில் ஒரு விஷயம் மட்டும்

பி.ஓ.டி. மாணவர்களுக்குச் சொல்லித் தரும் பொறுப்பு முதுநிலை மாணவருக்கு வரும். வேலைச்சுமை என்று ஒதுங்காதீர்கள். ஒரு ஸ்பிளின்ட்டை ஏன் இந்தக் கோணத்தில் வைத்தேன் என்று இன்னொருவருக்குச் சொல்ல முடியாவிட்டால், நமக்கே அது தெரியாது என்று அர்த்தம். எனக்கு நியூரோ பிடிபட்டது அப்படிச் சொல்லிக் கொடுத்துத்தான்.

12. வெளிநாடு என்றால்

முதலில் நாட்டை முடிவு செய்யுங்கள், பிறகு அந்த நாட்டின் பதிவு அமைப்பைப் படியுங்கள், கல்லூரி கடைசி. வழக்கமாகத் தலைகீழாக நடக்கிறது, ஏனென்றால் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கல்லூரியிடமிருந்து வருகிறது.

பிரிட்டனில் எச்.சி.பி.சி. என்ற அமைப்பில் பதிவு. பி.ஓ.டி. வைத்திருப்பவர் அங்கே மறுபடி படிக்காமல் நேரடியாகப் பதிவுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது; ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 7.0, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையாமல் வேண்டும். தேவையே இல்லாத ஒரு முதுநிலைக்குக் கடன் வாங்கிப் போனவர்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன். அங்கே முதுநிலையில் இரண்டு வகை உண்டு: பதிவுக்கு வழிவிடும் நுழைவுப் படிப்பு ஒன்று, ஏற்கெனவே தெரபிஸ்டாக இருப்பவருக்கானது ஒன்று. இரண்டாவதை முடித்தாலும் பதிவு தானாக வராது.

அமெரிக்காவில் ஏ.சி.ஓ.டி.இ. அங்கீகரித்த நுழைவு முதுநிலையில் குறைந்தது 24 வாரம் இரண்டாம் நிலைக் களப்பயிற்சி, பிறகு என்.பி.சி.ஓ.டி. தேர்வு, பிறகு அந்தந்த மாநில உரிமம். இங்கே படித்துவிட்டு நேராகத் தேர்வு எழுத நினைப்பவர், முதலில் அதே அமைப்பின் தகுதி மதிப்பீட்டைத் தாண்ட வேண்டும். அதற்குப் பாடத்திட்டம், மணி நேரக் கணக்கு எல்லாம் உங்கள் பி.ஓ.டி. கல்லூரியிலிருந்து போக வேண்டும்.

13. ஹாஸ்டலைக் காலி செய்வதற்கு முன்

வாய்மொழித் தேர்வு முடிந்த அன்றே பெட்டியைக் கட்டிவிடத் தோன்றும். இரண்டு நாள் இருங்கள். பாடத்திட்டத்தின் முழு நகல், ஒவ்வொரு பக்கத்திலும் கல்லூரி முத்திரையோடு. எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் பயிற்சி என்று தனித்தனியாகக் காட்டும் கடிதம். லாக் புத்தகம். எத்திக்ஸ் அனுமதிக் கடிதத்தின் மூலம். இவற்றைப் பிறகு தபாலில் கேட்டு வாங்குவது எளிதில்லை. கைடு மாறியிருப்பார், முதல்வர் மாறியிருப்பார், கையெழுத்துப் போட யோசிப்பார்கள்.

பி.ஓ.டி. கல்லூரிக்கும் இதே பட்டியலோடு ஒருமுறை போய்வாருங்கள். எம்.ஓ.டி. காகிதம் எல்லாம் பத்திரமாக இருந்தும், பி.ஓ.டி. மணி நேரக் கடிதம் இல்லாமல் நின்றவர்களை இந்த மேசைக்கு எதிரே நான் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வீட்டில் இன்னொருவருடைய மெயிலுக்கும் அனுப்பிவையுங்கள்.

கடைசியாக, ஆய்வுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் போன் செய்து, என்ன தெரியவந்தது என்று இரண்டு வரி சொல்லுங்கள். கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். நான் கூப்பிட்டபோது ஒரு குழந்தையின் பாட்டி கேட்டார்: "அப்போ அந்தப் பயிற்சிய இன்னும் செய்யலாமாம்மா?" செய்யலாம் என்றேன். எப்படி என்று மறுபடி ஒருமுறை சொன்னேன், எழுதிக்கொண்டார்.